என் எண்ணெய் மருந்து இல்லைங்க

போன மார்கழியில பெங்களூருல இருந்து ஒரு வாடிக்கையாளர் வாட்ஸப்புல போட்டோ அனுப்பினார். தேங்காய் எண்ணெய் பாட்டில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா உறைஞ்சு நிக்குது. பக்கத்துலயே நான் அனுப்பின கடலை எண்ணெய் பாட்டில், அது பாட்டுக்குத் தண்ணியாட்டம் இருக்குது. "ரெண்டும் ஒரே செக்குல ஆட்டினதுன்னு சொன்னீங்க. ஒண்ணு மட்டும் எப்படி உறையும்? மெழுகு ஏதாவது கலந்திருக்கா?" ன்னு கேட்டிருந்தார்.

முதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்பறம் யோசிச்சுப் பார்த்தா, நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்குத்தான் தெரியல.

அதே வாரம் சென்னையில இருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. ரெண்டு வருசமா வாங்கறவங்க. "லேபிள்ல கொலஸ்ட்ரால் இல்லாததுன்னு பெருசாப் போடுங்கண்ணா. இதயத்துக்கு நல்லதுன்னும் ஒரு வரி போடுங்க. எங்க அடுக்குமாடியில நாப்பது வீடு இருக்கு. எல்லாருக்கும் நானே சொல்லி வாங்க வெக்கிறேன்" ன்னாங்க. நாப்பது வீடுன்னா மாசம் நூறு லிட்டருக்குக் குறையாது. எனக்கு மொத்தமாப் போறதே மாசம் நூத்தம்பது லிட்டர்தான். இருந்தும் அப்படிப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு வருத்தம். ஏன்னு போன்ல சொல்லி முடிக்க முடியல. அதுதான் இங்க எழுதறேன்.

எனக்குக் காங்கேயம் பக்கம் மூணரை ஏக்கர். நூத்திப்பத்து தென்னை, மிச்சத்துல கடலைக்காயும் எள்ளும் மாத்தி மாத்திப் போடறது. கடலைக்காய்னா நீங்க சொல்ற நிலக்கடலை. கொப்பரையையும் பருப்பையும் வித்து வித்து நட்டம் பார்த்து, ஆறு வருசத்துக்கு முன்னால வாகை மரத்துல ஒரு செக்கு போட்டேன். இப்ப எண்ணெய்லதான் குடும்பம் ஓடுது. அதனால நான் சொல்லப்போறது என் வயித்துல நானே அடிச்சுக்கற மாதிரி தெரியலாம்.

நான் பிளஸ் டூ வரைக்கும்தான். கெமிஸ்ட்ரியில தப்பிச்சுப் பாஸ் பண்ணினவன். என் பொண்ணு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பொங்கலுக்கு வந்தப்ப அந்தப் போட்டோவைக் காட்டினேன். களத்துல சோளத்தட்டுப் போர் பக்கத்துல உக்கார வெச்சு எனக்குப் பாடம் எடுத்துச்சு. அதை என் பாசையில சொல்றேன்.

எந்த எண்ணெயா இருந்தாலும், நெய்யா இருந்தாலும், ஆட்டுக் கொழுப்பா இருந்தாலும் அடிப்படைக் கட்டு ஒண்ணுதான். கிளிசரால்னு ஒரு சின்னத் துண்டு. அதுல மூணு கொக்கி. கொக்கிக்கு ஒண்ணா மூணு நீளத் தட்டு தொங்குது. அந்தத் தட்டுக்குப் பேர்தான் கொழுப்பு அமிலம். சோளத்தட்டுல கணு இருக்கற மாதிரி அதுல கார்பன் அணுக்கள் வரிசையா இருக்கும். தேங்காய் எண்ணெயில பாதிக்குப் பாதி பன்னெண்டு கணுத் தட்டு, லாரிக் அமிலம்னு பேர். பாமாயில்ல பதினாறு கணு நிறைய. கடலையிலயும் எள்ளுலயும் பெரும்பாலும் பதினெட்டு கணு.

ஒவ்வொரு கணுவுலயும் தோகை மாதிரி ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும். எல்லாக் கணுவுலயும் தோகை முழுசா இருந்தா அது நிறைவுற்ற கொழுப்பு. அந்தத் தட்டு நேரா நிக்கும். பக்கத்துப் பக்கத்துக் கணு ரெண்டும் ஆளுக்கு ஒரு தோகையை விட்டுட்டு, ஒண்ணை ஒண்ணு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா அது இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்துல தட்டு வளைஞ்சு போகும். இதுதான் நிறைவுறாக் கொழுப்பு. ஒரு வளைவு இருந்தா ஒலியிக் அமிலம், ரெண்டு இருந்தா லினோலியிக், மூணு இருந்தா லினோலினிக்.

நேரான சோளத்தட்டை எப்படி இறுக்கிக் கட்டலாம், போர் வெக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். தெரியலைன்னா ஊருக்கு வாங்க, காட்டறேன். வளைஞ்ச வேலங்கொம்பை அப்படி அடுக்க முடியுமா? ஒண்ணு மேல ஒண்ணு படியாது. எண்ணெய் உறையறதும் இதேதான். தேங்காய் எண்ணெயில நூத்துக்குத் தொண்ணூறு பங்கு நேர்த்தட்டு. 24 டிகிரிக்குக் கீழே போனா எல்லாம் சேர்ந்து அடுங்கிக் கட்டியாகிரும். கடலை எண்ணெயில நூத்துக்கு எம்பது பங்கு வளைஞ்ச தட்டு. பெங்களூர்க் குளுருக்கு அது அசையாது. உறையறது கலப்படம் இல்லை, அதோட குணம். சொல்லப்போனா மார்கழிக் குளுருலயும் உறையாத தேங்காய் எண்ணெயைத்தான் சந்தேகப்படணும்.

கொழுப்புக்குள்ள இப்படிக் கிளிசராலும் அமிலமும் இருக்குதுன்னு கண்டுபுடிச்சவர் பிரான்ஸ் நாட்டு மிசேல் செவ்ரால். சோப்பை ஆராயப் போய்க் கண்டுபுடிச்சாராம், 1823-ல புத்தகமாப் போட்டார். 1786-ல பொறந்து 1889 வரைக்கும் 102 வயசு இருந்திருக்கார். அவர் எந்த எண்ணெய் சாப்பிட்டாருன்னு தயவுசெஞ்சு என்கிட்டக் கேக்காதீங்க. எனக்கு வர்ற போன்ல பாதி அந்த மாதிரிதான்.

இனி அந்த லேபிள் விசயத்துக்கு வர்றேன். "கொலஸ்ட்ரால் இல்லாதது" ன்னு போட்டா அது பொய் ஆகாது. ஆனா எந்தச் செடி எண்ணெயிலயும் சொல்லிக்கற மாதிரி கொலஸ்ட்ரால் கிடையாது. அது பால், முட்டை, கறி மாதிரி உயிர்ப் பிராணிகிட்ட இருந்து வர்றதுலதான் இருக்கும். என் எண்ணெய்ல இல்லைன்னு போடறது, என் தென்னையில முள்ளு இல்லைன்னு போடற மாதிரி. படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? "அப்ப இதைச் சாப்பிட்டா ரத்தத்துல கொலஸ்ட்ரால் ஏறாது" ன்னு நினைப்பாங்க. அங்கதான் ஏமாத்து வருது.

ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ராலை நம்ம கல்லீரலே செய்யுது. எல்.டி.எல்.னு சொல்றது அதை ஏத்திக்கிட்டு ரத்தத்துல சுத்தற மூட்டை. சுத்தி முடிச்ச மூட்டையைக் கல்லீரல்தான் இறக்கி எடுத்துக்கணும். நிறைவுற்ற கொழுப்பு நிறையச் சாப்பிட்டா கல்லீரல்ல மூட்டை இறக்கற ஆள் குறைஞ்சு போறாங்க. மூட்டை ரத்தத்துலயே சுத்திச் சுத்தி, நாளாக நாளாக ரத்தக்குழாய்ச் சுவத்துல படியுது. அந்த நிறைவுற்ற கொழுப்பு மாட்டுல இருந்து வந்ததா, மரத்துல இருந்து வந்ததான்னு கல்லீரல் கேக்கறதில்லை. அதுக்குப் பதிலா வளைஞ்ச தட்டுக் கொழுப்பு சாப்பிட்டா எல்.டி.எல். இறங்குது.

"தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலையும் ஏத்துதே" ன்னு கேப்பீங்க. ஏத்துது, உண்மைதான். கூடவே கெட்டதையும் ஏத்துது. "அது எம்.சி.டி., நேரா கல்லீரலுக்குப் போய் எரிஞ்சுருமே" ன்னும் சொல்றாங்க. கடையில விக்கற எம்.சி.டி. எண்ணெய் எட்டுக் கணு, பத்துக் கணு தட்டை மட்டும் பிரிச்செடுத்தது. தேங்காய் எண்ணெயில அந்தக் குட்டைத் தட்டு நூத்துக்குப் பதினஞ்சு தேறினா பெருசு. பன்னெண்டு கணு லாரிக் பெரும்பாலும் நீளத் தட்டு போற பாதையிலதான் போகுது.

இதை நான் ஏன் இவ்வளவு தேடித் தெரிஞ்சுக்கிட்டேன்னா, எங்க அண்ணன்.

அண்ணனுக்கு அறுபத்தொண்ணு. மூணு வருசத்துக்கு முன்னால நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. தினம் ராத்திரி போட மாத்திரை குடுத்தாங்க. ஒரு எட்டு மாசம் ஒழுங்காப் போட்டார். அப்பறம் போன்ல ஒரு வீடியோ. மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் வெறும் வயித்துல நாலு ஸ்பூன் குடிச்சா குழாய்ல இருக்கற அடைப்பு கரைஞ்சுரும், மாத்திரையே வேண்டாம்னு ஒருத்தர் பேசறார். அண்ணனுக்கு நம்பிக்கை வந்துருச்சு. ஏன்னா தம்பியே செக்கு வெச்சிருக்கான், சுத்தமான எண்ணெய், காசும் இல்லை. நங்கையா (அண்ணன் சம்சாரம்) என்கிட்ட வந்து கேட்டுச்சு, "இது சரியா தம்பி?" ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லதுதான், நம்ம எண்ணெய்தானே" ன்னு சொல்லி ரெண்டு லிட்டர் கேன்ல ஊத்திக் குடுத்தேன்.

அடுத்த ஆடியில காட்டுல தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தவர் வரப்புலயே உக்காந்துட்டார். புழைச்சுக்கிட்டார். இன்னொரு குழாய்ல அடைப்பு. "எண்ணெய்னாலதான்னு நான் சொல்ல மாட்டேன், மாத்திரையை நிறுத்தினது பெரிய தப்பு. அதுக்கு மேல தினமும் நாலு ஸ்பூன் நிறைவுற்ற கொழுப்பு. நெருப்புக்குப் பக்கத்துல இருக்கற ஆளு செய்யற வேலையா இது?" ன்னு டாக்டர் கேட்டார். நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அது நான் ஆட்டின எண்ணெய்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அதுக்கப்பறம் "இதயத்துக்கு நல்லது" ன்னு ஒரு லேபிள் அடிக்க எனக்குக் கை வருமா?

இந்த மாதிரிச் சொன்னா உடனே ஒரு கேள்வி வரும். "நம்ம தாத்தா பாட்டி எல்லாம் தேங்காயைத்தானே தின்னாங்க, தெம்பா இல்லையா?" இருந்தாங்க. எங்க அமுச்சி தொண்ணூறு வயசு. ஆனா எங்க அப்பாரு அம்பத்திரண்டுலயே போயிட்டார். மாடு புடிச்சுக் கட்டப் போனவர் மாரைப் புடிச்சுக்கிட்டு விழுந்தார். "வாயு அடைச்சுருச்சு" ன்னாங்க, எடுத்துட்டாங்க. இ.சி.ஜி.யா எடுத்தாங்க? நீண்ட நாள் இருந்தவங்களை நாம பார்த்திருக்கோம். சீக்கிரம் போனவங்களை நாம பார்க்கவே இல்லை, அதனால கணக்குல வர்றதில்லை. இன்னொண்ணு, அமுச்சி வீட்டுல எண்ணெய்ங்கறது தாளிக்க ஒரு சின்னக் கரண்டி. எண்ணெய்ச்சட்டி அடுப்புல ஏறறது தீவாளிக்கும் நோம்பிக்கும்தான். வருசத்துக்கு ரெண்டு மூணு நாள் பலகாரம் சுட்டதை நினைச்சுக்கிட்டு வாரத்துக்கு மூணு நாள் பூரி சாப்பிட்டா அது பாரம்பரியமா?

வீடியோக்காரங்க இன்னொரு கதையும் சொல்வாங்க. பசிபிக் கடல்ல தோக்கெலாவ், புகாபுகான்னு ரெண்டு தீவு. தேங்காய்தான் அவங்களுக்குச் சோறு, ஆனா இதய நோய் ரொம்பக் கம்மின்னு 1981-ல ஆராய்ச்சி வந்துச்சு. அது உண்மை. சொல்லாம விடறது என்னன்னா, புகாபுகாவுல சாப்பாட்டுச் சக்தியில நூத்துக்கு 34 தேங்காய்ல இருந்து, தோக்கெலாவுல 63. அதிகம் தேங்காய் சாப்பிட்ட தோக்கெலாவ்காரங்களுக்குத்தான் கொலஸ்ட்ரால் அதிகம்னும் அதே ஆராய்ச்சி சொல்லுது. அவங்க மீனும் கிழங்கும் ஈரப்பலாவும் தின்னு, படகு வலிச்சு வாழ்ந்தவங்க. நம்மளை மாதிரி மூணு வேளை அரிசியும், நாலு டீயும், சாயங்காலம் பஜ்ஜியும் இல்லை.

சரி, அப்ப எதுதான் சாப்பிடறது?

நிறைவுற்ற கொழுப்பு எதுல எவ்வளவுன்னு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. நூறு கிராமுக்கு, தேங்காய் எண்ணெயில 90 ஒட்டி. நெய்யில 60-க்கு மேல. பாமாயில் பாதிக்குப் பாதி. கடலை எண்ணெய் 20-க்குள்ள. நல்லெண்ணெய் 15. சூரியகாந்தி 10, 11. உலக சுகாதார நிறுவனம் சொல்றது, ஒரு நாள் சக்தியில நூத்துக்குப் பத்துக்கு மேல நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம்னு. 2000 கலோரி சாப்பிடற ஆளுக்கு அது 22 கிராம். எந்தக் கொழுப்பா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி, செக்கு எண்ணெய்க்குக் கழிவு கிடையாது. இப்ப நீங்களே கணக்குப் போடுங்க. தினம் 25 கிராம் எண்ணெய் சேர்த்து, அது முழுக்கத் தேங்காய் எண்ணெயா இருந்தா 22 கிராம் அங்கயே முடிஞ்சுது. அப்பறம் பால், தயிர், நெய், தேங்காய்ச் சட்னி, ஞாயித்துக்கிழமைக் கறி எல்லாம் கடன்லதான் ஓடும். அதே 25 கிராம் கடலை எண்ணெயா இருந்தா 5 கிராம்தான் போச்சு.

எங்க வீட்டுல தாளிக்கறது, பொரியல், குழம்பு எல்லாம் கடலை எண்ணெய். இட்லிப் பொடிக்கும் வத்தக்குழம்புக்கும் நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய் தலைக்கு. அவியலோ சந்தகையோ செய்யற அன்னைக்கு மட்டும் மேலாக ஒரு ஸ்பூன், அந்த வாசத்துக்காக. தேங்காயைத் தொடவே கூடாதுன்னு நான் சொல்லல. தேங்காய் இல்லாத சட்னியை என்னால நினைச்சுப் பார்க்க முடியாது. மருந்துன்னு நினைச்சுக் குடிக்காதீங்க, அவ்வளவுதான்.

இந்த வளைஞ்ச தட்டுக்கும் ஒரு சங்கடம் இருக்குது. வளைவு இருக்கற இடத்தைக் காத்துல இருக்கற ஆக்சிஜன் தேடி வந்து புடிக்கும். அதுலதான் எண்ணெய் காறிப்போய் வாடை அடிக்குது. ஒரு வளைவு இருக்கறது கொஞ்சம் தாங்கும், ரெண்டு இருக்கறது சீக்கிரம் கெடும், மூணு இருந்தா ரொம்பச் சீக்கிரம். தேங்காய் எண்ணெய் வருசம் தாங்கறதும், ஆளிவிதை எண்ணெய் ஒரு மாசத்துல கசக்கறதும் அதனாலதான். நல்லெண்ணெயில ரெண்டு வளைவுத் தட்டு நாப்பது பங்குக்கு மேல இருந்தும் காறாம நிக்குது, ஏன்னா எள்ளுக்குள்ளயே அதைக் காக்கற சரக்கு இருக்குது, செசமின் குடும்பம். எங்க அப்பாருக்குப் பேர் தெரியாது. ஆனா ஊறுகாய்க்கு நல்லெண்ணெய்தான் ஊத்தணும்னு தெரியும்.

இப்ப ஜுனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து கிர்னார்-4, கிர்னார்-5-ன்னு ரெண்டு ரகம் வந்திருக்குது. அந்த எண்ணெயில ஒத்தை வளைவு ஒலியிக் மட்டும் எம்பது பங்கு ஒட்டி. காறாம ரொம்ப நாள் நிக்கும். விதை கைக்குக் கிடைச்சா கால் ஏக்கர் போட்டுப் பார்க்க ஆசை.

மூணு வளைவு உள்ளது, நீங்க ஒமேகா-3-ன்னு சொல்றது, நம்ம மூணு எண்ணெய்லயும் கிட்டத்தட்ட இல்லை. அதுக்கு ஆளிவிதை, கடுகு எண்ணெய் கொஞ்சம். வயல்ல களையா முளைக்கற பருப்புக்கீரையில துளி. மத்தி, அயிலை மீன்ல இருக்கறது இன்னும் நீளமான ரகம், உடம்புக்கு நேராப் பயன்படும். எங்க ஊருக்குக் கடல் எட்டாத தூரம். வெள்ளக்கோயில் சந்தையில ஐஸ் மத்தி வந்தா வாங்கிருவேன். உங்களுக்குச் சென்னையில என்ன கஷ்டம்? மத்தி மலிவு மீன்னு கேவலமா நினைக்காதீங்க. கொழுப்பே இல்லாம எலிக்குத் தீனி போட்டு, அது தோல் கெட்டு வால் உதிர்றதைப் பார்த்து, சில கொழுப்பு உடம்புக்குக் கட்டாயம் வேணும்னு 1929-ல அமெரிக்காவுல பர் தம்பதி கண்டுபுடிச்சாங்க. அதனால எண்ணெயே வேண்டாம்னு வேகவெச்சுச் சாப்பிடறவங்களும் யோசிச்சுக்குங்க.

கெட்டதுலயே கெட்டது ஒண்ணு இருக்குது. எங்க ஊர்ல கோணல் மூங்கிலைத் தீயில வாட்டி, அழுத்தி நிமித்துவாங்க. எண்ணெயையும் அப்படி நிமித்தலாம். சூடு பண்ணி, நிக்கல் தூள் போட்டு, ஹைட்ரஜனைச் செலுத்தினா வளைஞ்ச தட்டு நிமிர்ந்து எண்ணெய் கட்டியாகும். அதுதான் வனஸ்பதி. 1937-ல டால்டா வந்ததுல இருந்து நெய்க்குப் பதிலா ஊர் ஊராப் போச்சு. அரைகுறையா நிமிர்த்தினதுல சில தட்டு இரட்டைப் பிணைப்பு இருந்தும் நேரா நிக்கும். அதுக்குப் பேர் டிரான்ஸ் கொழுப்பு. இது கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும், நல்லதையும் இறக்கும். 2022 ஜனவரியில இருந்து நூத்துக்கு ரெண்டுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம். நல்ல சட்டம். ஆனா பப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் மொறுமொறுன்னு இருக்க ஏதோ ஒரு கட்டிக் கொழுப்பு வேணுமே, அந்த இடத்துக்குப் பாமாயில் வந்துருச்சு. வீட்டுல மரச்செக்கு எண்ணெய் வாங்கி வெச்சுட்டு, சாயங்காலம் குழந்தைக்குப் பாக்கெட் பிரிச்சுக் குடுக்கறவங்க, பாக்கெட் பின்பக்கத்தை ஒருதரம் படிங்க.

பாமாயில்னு சொன்னதும் எங்க பக்கத்து ஆளுங்க என்னைச் சண்டைக்கு இழுப்பாங்க. ரேசன் கடையில லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் குடுக்கறாங்க, அதுக்குப் பதிலாத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் குடுக்கணும்னு விவசாயிகள் கேட்டுக்கிட்டு இருக்கோம். நானும் அதுல ஒருத்தன். கொப்பரை விலை விழுந்த வருசம் மரத்தையே வெட்டிரலாம்னு உக்காந்திருந்தவன் நான். 2022 ஏப்ரல்ல இந்தோனேசியா பாமாயில் ஏத்துமதியை நிறுத்தினப்ப இங்க எண்ணெய் விலை எங்க போச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த நாட்டுக் கையில நம்ம அடுப்பு இருக்கக்கூடாது. அது வரைக்கும் சரி. ஆனா மேடையில ஏறி "பாமாயில் இதயத்தைக் கெடுக்கும், தேங்காய் எண்ணெய் காப்பாத்தும்" ன்னு பேசறப்ப நான் கை தட்டறதில்லை. பாமாயில்ல நிறைவுற்ற கொழுப்பு பாதின்னா நம்மதுல தொண்ணூறு. எங்க வயித்துப்பாட்டுக்காகக் கேக்கறதை வயித்துப்பாடுன்னே சொல்லிக் கேக்கலாம். உடம்பைக் காரணம் காட்டணும்னா கடலை எண்ணெயைக் கேளுங்க, அதுல விவசாயிக்கும் லாபம், சாப்பிடறவனுக்கும் லாபம். இதை டீக்கடையில சொன்னதுக்கு ஒரு பங்காளி என்கூட ஒரு மாசம் பேசல.

செக்கு எண்ணெய் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். மரச்செக்குல ஆட்டினாலும் மில்லுல ஆட்டினாலும் அந்தத் தட்டுகளோட கணக்கு மாறாது. கடலை கடலைதான். செக்குல வாசம், நிறம், வைட்டமின் ஈ இதெல்லாம் நிக்கும், அதுக்குத்தான் காசு. ஆனா பருப்பு பூஞ்சணம் புடிச்சதா இருந்தா அஃப்ளாடாக்சின்னு ஒரு விசம் எண்ணெயிலயே இறங்கும். ரீபைண்ட் பண்றப்ப அது போயிரும், செக்குல போகாது. அதனால செக்குக்காரன் எப்படி ஆட்டறான்ங்கறதை விட எந்தப் பருப்பைப் போடறான்னு கேளுங்க. நாங்க கார்த்திகையில புடுங்கினதைக் களத்துல காயவெச்சு, கறுத்தது, சுருங்கினதை எல்லாம் நாலு பொம்பளையாளுங்க உக்காந்து பொறுக்கி எடுத்த பிறகுதான் செக்குக்குப் போகுது. ஒரு லிட்டருக்கு ரெண்டரை கிலோ பருப்பு வேணும். அந்தப் பருப்பு விலையைப் பெருக்கி, புண்ணாக்கு விலையைக் கழிச்சுப் பாருங்க. அதுக்கும் கீழே யாராவது "மரச்செக்கு" ன்னு வித்தா அதுல என்ன இருக்குதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

அண்ணன் இப்ப மாத்திரையை விடறதில்லை. நங்கையா டப்பாவுல கிழமை எழுதி வெச்சிருக்குது. பெங்களூர்க்காரருக்கு இந்தச் சோளத்தட்டுக் கதையை ஆடியோவா அனுப்பினேன். வெந்நியில பாட்டிலை வெச்சேன், இளகிருச்சுன்னு சொன்னார்.

சென்னை அம்மா தை கடைசியில மறுபடியும் கூப்பிட்டாங்க. நாப்பது வீட்டுப் பேச்சை எடுக்கல. எப்பவும் போல ஆறு லிட்டர் கேட்டாங்க. வீட்டுல எத்தனை பேருங்கன்னு கேட்டேன். நாலு பேருன்னாங்க. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உக்காந்து வேலை செய்யற ஆம்பளைக்குச் சொன்ன அளவு நாளைக்கு 25 கிராம், பொம்பளைக்கு 20. அப்ப நாலு பேருக்கு மாசம் மூணு லிட்டரே போதுங்களே அம்மான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரிண்ணா, அப்ப மூணு லிட்டர் அனுப்புங்க. ரெண்டு கடலை, ஒண்ணு நல்லெண்ணெய்" ன்னாங்க.

பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்த என் சம்சாரம் ஒண்ணும் சொல்லல. புண்ணாக்கு மூட்டையை இழுத்து ஓரமா வெச்சுட்டு உள்ள போயிருச்சு.